காணாமல்போன மூவர்

“நானூற்றிப் பன்னிரண்டு பேர் குடுத்தனான். ஏன் பிள்ளை, நானூற்றி ஒன்பது காட்டுது?”

பெரிய கிளாக்கர் குகதாசன் லேப்டாப்பின் மேல் குனிந்தார். பலாங்கொடைத் தோட்டத்தின் பழைய ஆள் பதிவேட்டைக் கிளவுட் டேட்டாபேஸில் ஏற்ற வந்திருந்த நிரோஷினி, அங்கே தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பிறந்தவள். அன்று நான்கு மணிக்குள் ஏறாத பேருக்கு வீட்டுக் காணி கிடையாது.

“அதத்தாங்க சார் பாக்குறேன்.”

“காலமையிலயிருந்து என்னவோ இறக்கினீர், ஏத்தினீர். மூண்டு காணியையும் ஆருக்கு விக்கிறீர்?”

“புரோகிராம் ஓட வேண்டியதத்தாங்க இறக்குனேன். எரர்கூட வரலைங்க.”

“கள்ளன் மணியடிச்சோ வருவான்?”

குகதாசன் அங்கேயே உட்கார்ந்து அவள்மேல் புகார் சொல்லி ஒரு முறைப்பாடு எழுதினார். தோட்டத்தின் மேலாளரான துரை வந்ததும் அதை அவர் கையில் கொடுத்தார்.

நிரோஷினி திரையைத் திருப்பினாள்.

“பேரும் பொறந்த தேதியும் ஒண்ணா இருந்தா ஒரே ஆளா எடுத்துக்கிற மாதிரி செஞ்சிருந்தேங்க. பதிவேட்டுல நாலு மாரியாயி. நாலு பேருமே எழுபத்தஞ்சு ஜனவரி ஒண்ணாந் தேதி பொறந்தவங்க! அதான் மூணு பேரு விட்டுப்போச்சு. ஐடி நம்பர வச்சு இப்ப ஏத்திட்டேன்.”

“நாலு பேரும் ஒரே நாளா?” துரை சிரித்துவிட்டார்.

“தேதி தெரியாதுன்னு சொன்னவங்களுக்கெல்லாம் யாரோ இஷ்டத்துக்கு ஜனவரி ஒண்ணு போட்டு வச்சிருக்காங்க.”

“அந்த மடையன் ஆரெண்டு பிடியுங்கோ, சேர்! அவன்ர பேரையும் முறைப்பாட்டில சேர்க்கிறன்” என்று குதித்தார் குகதாசன்.

துரை பதிவேட்டைத் திறந்து, அதன் பக்கத்தில் முறைப்பாட்டை வைத்தார்.

இரண்டும் ஒரே கையெழுத்து.