பெட்டிப் பக்கம் போகாதே

"தோ, மறுபடியும் வுழுந்துடுச்சு!"

கை நிறையச் சோப்பு நுரையோடு, பின்கட்டில் ஓடிக்கொண்டிருந்த வாஷிங் மெஷின் பக்கத்திலிருந்து ஓடி வந்தாள் சசிரேகா. வாசற்கதவை ஒட்டிய போர்டில் ட்ரிப்பர் கீழே விழுந்து கிடந்தது. எங்காவது கரண்ட் கசிந்தால் தானாக விழுந்து ஆளைக் காப்பாற்றும் சுவிட்ச் அது.

சுபாஷுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேற்று மதியம் கம்பெனிக்குப் போனவன், டபுள் ஷிஃப்ட் முடித்து இன்று காலையில்தான் வந்து வாசல் ரூமிலேயே சுருண்டு படுத்தான். எழுந்து குளித்து யூனிஃபார்மை மாட்டுவதற்குள் மறுபடியும் செகண்ட் ஷிஃப்ட் பஸ் தெருமுனையில் ஹாரன் அடிக்கிறது.

"எல்லாம் என் பொட்டி பண்ற வேல" என்று முணுமுணுத்தான்.

பெட்டி என்பது உள்ரூமில் அவன் பாட்டுக் கேட்க வைத்திருக்கும் ஆம்ப்ளிஃபயர். பேஸ் போதவில்லை என்று போன வாரம் பெரிய டிரான்ஸ்ஃபார்மரை மாட்டினான். 'உம்'மென்று இரைச்சல் வந்தது. எர்த் ஒயரை வெட்டிவிட்டான், இரைச்சல் போனது. ஆனால் அன்றைக்குப் பிடித்துதான் ட்ரிப்பர் விழுகிறது. ஒரு தடவை பெட்டியின் மேல் கை பட்டபோது சுருக்கென்று இழுத்தது வேறு. அதை அவன் யாரிடமும் சொல்லவில்லை.

சசிரேகா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவன் முகத்தைப் பார்த்ததும் விழுங்கிக்கொண்டாள். பெட்டியைத் தூசி தட்டினால்கூட வீடே இரண்டாகும்படி கத்துகிற மனுஷன்.

கம்பெனியில் ஏதாவது சென்சார் தகராறு செய்து லைன் நின்றால் யாரும் காரணம் தேடிக்கொண்டிருப்பதில்லை. ஒரு துண்டு ஒயரால் சென்சாரைத் தாண்டி இணைத்து லைனை ஓட்டிவிடுவார்கள். சூப்பர்வைசர் கண்டும் காணாமல் போவார். அந்தப் பாழாய்ப்போன பழக்கம் வீடு வரைக்கும் வந்திருந்தது.

மெயினை அணைத்தான் சுபாஷ். பாக்கெட்டிலிருந்து ஒரு துண்டு ஒயரை எடுத்து, ட்ரிப்பரைத் தாண்டி முறுக்கிவிட்டு மெயினைப் போட்டான். ஃபேன் சுற்றியது.

"ஞாயித்துக்கிழம பொட்டியப் பிரிச்சு சரி பண்ணிடறேன். அதுவரைக்கும் இது வுழாது, நீ மெஷினப் போடு."

"ஒண்ணும் ஆவாதே?"

"பொட்டி பக்கம் மட்டும் போவாத. பாட்டு கேக்கறேன்னு கைய வெச்சுடாத, சொல்லிட்டேன். மத்ததெல்லாம் தைரியமா தொடு."

"நான் ஏன் அது பக்கம் போறேன்" என்றாள் சசிரேகா, தரையைப் பார்த்துக்கொண்டே.

தெருவில் இறங்கி ஓடும்போது வாஷிங் மெஷின் மறுபடி சுற்றத் தொடங்கிய சத்தம் கேட்டது.

பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் அது உறைத்தது. இனி அந்தப் பெட்டியில் யாராவது கை வைத்தால் காப்பாற்ற ட்ரிப்பர் இல்லை. ப்ளக்கையாவது பிடுங்கிவிட்டு வந்திருக்கலாம். புத்தி ஏன்தான் இப்படிப் பின்னால் வருகிறதோ என்று தன்னையே திட்டிக்கொண்டான். வீட்டுக்கு போன் போட்டான். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. மெஷின் சத்தத்தில் கேட்டிருக்காது என்று மனதைத் தேற்றிக்கொண்டான். வல்லக்கோட்டை இருக்கும் திசையைப் பார்த்து, முருகா, அவள் பெட்டிப் பக்கம் போய்விடக் கூடாது என்று கும்பிட்டான்.

கம்பெனி கேட்டில் வழக்கம்போல போனை வாங்கி லாக்கரில் பூட்டினார்கள். இனி ஷிஃப்ட் முடிந்தால்தான் கைக்கு வரும்.

லைனில் பக்கத்தில் நிற்பவன் கன்னியப்பன். அடுத்த தெருக்காரன், மச்சான் முறை. மகளுக்குக் காதுகுத்து என்று நேற்று லீவு போட்டிருந்தான்.

"இன்னா மச்சான், பேயறஞ்சாப்ல கீற?"

சுபாஷ் எல்லாவற்றையும் கொட்டினான். எர்த் ஒயரை வெட்டியது, ட்ரிப்பர் விழுந்தது, ஒயரை முறுக்கியது, எதையும் மறைக்கவில்லை. "அவ மட்டும் அந்தப் பொட்டியத் தொட்டுட்டான்னா நான் இன்னாடா பண்ணுவேன்?" என்று கேட்டான்.

கன்னியப்பன் சிரித்தான். அவன் முதுகில் ஒரு தட்டு தட்டினான்.

"அட, இதுக்கா இப்டி நடுங்கற? காதுகுத்துக்குப் பாட்டு போடணும்னு கேட்டேன், தங்கச்சிதான் உனுக்குத் தெரியாம எடுத்துக் குடுத்துச்சு. தெரிஞ்சா கத்துவன்னு சொல்ல வாணாம்னுச்சு. நீ நிம்மதியா வேலயப் பாரு மச்சான், உன் பொட்டி நேத்து சாய்ந்தரத்துலேர்ந்து எங்க வூட்லதான் கீது."