புகைவேந்தனின் அங்கி

"இவனுங்க புத்தகத்தைப் புரட்டியாவது பார்த்தானுங்களா?"

படம் தொடங்கிக் கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை, அவர் பல்லைக் கடிக்க ஆரம்பித்துவிட்டார். 'புகைவேந்தன்' என்ற பேய் நாயகனின் காமிக்ஸ் புத்தகங்களைப் பள்ளி நாளிலேயே கரைத்துக் குடித்தவர் அவர்.

"பேயா இது? சளி பிடிச்சவன் மாதிரி பேசுது."

"மெதுவாப் பேசுங்க," என்றாள் மனைவி.

"புத்தகத்துல அந்த அங்கி புகை மாதிரி மிதக்கும். இங்க பாரு, ஜன்னல் ஸ்கிரீனைக் கழட்டிப் போர்த்திவிட்டிருக்கானுங்க."

புகைவேந்தன் அங்கியை விரித்துப் பறந்தான். அதன் ஓரம் திரை முழுக்கப் பெரிதாகத் தெரிந்தது.

"கறுப்புத் துணிக்கு மஞ்சள் நூல். எந்தக் குருடன் தைச்சான் இதை?"

முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். மனைவி அவர் காதருகே குனிந்தாள்.

"போன வருஷம் ஒருத்தர் துணியையும் அளவையும் குடுத்துட்டுப் போனாரே. ஜன்னல் ஸ்கிரீன்தானேன்னு நீங்கதான் தைச்சீங்க. கடையில கறுப்பு நூல் தீர்ந்துபோச்சுன்னு சொன்னேன். 'ஓரத்தை எவன் பார்க்கப்போறான்'னு கேட்டீங்க."

தையல்காரர் மெல்லச் சுற்றிலும் பார்த்தார். அரங்கம் நிறைந்த கூட்டம் அந்த ஓரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.