முன்னால் போகும் வண்டி

மலைப்பாதைப் பயிற்சிக்கு வந்த பைக் ஒன்று, முன்னால் போன வழிகாட்டி பைக்கின் பின்விளக்கை மட்டுமே பார்த்தபடி நாள் முழுக்க மேடு ஏறியது.

சாயங்காலம் மூடுபனி இறங்கியது. விளக்கு மறைந்தது. பயந்துபோய் நின்ற பைக்கிடம், பாறை மேலிருந்த வரையாடு கேட்டது: "எந்த வழியாக வந்தாய்?"

"சிவப்பு விளக்குக்குப் பின்னால் வந்தேன்."

"ஒரு வளைவு, ஒரு மரம்கூடவா நினைவில்லை?"

"விளக்கு நன்றாக நினைவிருக்கிறது."

"சரி, இங்கேயே நில். உன்னைத் தேடி வருவார்கள்."

அப்போது கீழே தார்ச்சாலையில் ஒரு சிவப்பு விளக்கு தெரிந்தது. "அதோ, எங்கள் வழிகாட்டி!" என்று பைக் உறுமியது.

"அது முட்டைக்கோஸ் லாரி" என்றது ஆடு.

பைக் அதற்குள் கிளம்பிவிட்டது.

மறுநாள் காலை, அடிவாரச் சந்தையில் முட்டைக்கோஸ் மூட்டைகளுக்கு நடுவே நின்றுகொண்டு, அடுத்து எந்த வண்டி கிளம்பும் என்று அது பார்த்துக்கொண்டிருந்தது.