நாற்பத்தொரு முறையும் வலப்பக்கம்

நாற்பத்தோராவது முறையும் வட்டுகள் வலப்பக்கமாகத்தான் சுற்றின.

ஆய்வு மாணவி ஸ்விட்சை அணைத்தாள். கண்ணாடி மேசையில் இருநூறு வட்டுகளும் போட்டது போட்டபடி நின்றன.

ஒவ்வொன்றும் சட்டைப் பொத்தான் அளவு. வயிற்றுக்குள் ஒரு குட்டி மோட்டார். பக்கத்தில் இருப்பதை இடித்து, அது போகிற திசைக்குத் திரும்பும். அதற்குத் தெரிந்த வித்தை அவ்வளவுதான்.

ஆனாலும் ஐந்தே நிமிடத்தில் இருநூறும் ஒன்றாகச் சேர்ந்து சுற்ற ஆரம்பித்துவிடும். எதுவும் முன்னால் போய் வழிகாட்டுவதில்லை. இதைத்தான் அவள் மூன்று வருடமாக எழுதினாள். ஆய்வேட்டின் பெயரே ‘தலைமை இல்லாத கூட்டம்’.

போன வாரம் தேர்வாளர் ஒருவர் ஒற்றை வரியில் கேட்டிருந்தார்: எத்தனை முறை இடம், எத்தனை முறை வலம்?

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. சுற்றுகிறதா என்று பார்த்தாளே தவிர, எந்தப் பக்கம் என்று ஒரு நாளும் பார்த்ததில்லை.

தலைமை இல்லையென்றால் பாதிக்குப் பாதி வர வேண்டும். எப்போதும் ஒரே பக்கம் என்றால் ஏதோ ஒன்று அவற்றைத் திருப்புகிறது. அது எதுவென்று சொல்லாமல் பட்டம் கிடைக்காது.

தேர்வாளர்கள் பதினொரு மணிக்கு வருகிறார்கள். இப்போது பத்தரை.

மேசையை மட்டம் பார்த்தாயிற்று. மின்விசிறியை நிறுத்தியாயிற்று. வேறு வழி தெரியாமல் ஒரு வட்டை எடுத்து லென்சுக்கு அடியில் வைத்தாள்.

ஓரத்தில் நகக்கீறல் அளவுக்கு ஒரு பள்ளம்.

இன்னொன்றை எடுத்தாள். அதே இடத்தில் அதே பள்ளம். பத்தாவதிலும் அப்படியே. இடிக்கும்போதெல்லாம் வலப்பக்கம் திருப்பிவிடுவது இதுதான்.

வட்டுகளைச் செய்து கொடுத்த, கீழ்த்தளத்துப் பட்டறைக்காரரைக் கூப்பிட்டாள். ஆய்வுக்கூடத்தில் அவருக்குப் ‘பூதக்கண்ணாடி’ என்று பெயர். அது இல்லாமல் எந்த வேலையிலும் கை வைக்க மாட்டார்.

“அதுவா? மெஷின்ல வரலம்மா, ஒவ்வொண்ணா நானே அரத்தால தேச்சேன். நீ குடுத்த மாதிரி வட்டுல இருந்துச்சே!” என்றவர், அவள் முகத்தைப் பார்த்ததும் குரலை இறக்கினார். “ஏன், எதாச்சும் தப்பாயிடுச்சா?”

“இல்லண்ணே. அச்சு அசலா அப்படியே பண்ணியிருக்கீங்க.”

அவர் முகம் மலரத் திரும்பிப் போனார்.

அவள் அலமாரியைத் திறந்து, பட்டறைக்கு மாதிரியாகக் கொடுத்து, பிறகு பஞ்சில் சுற்றி வைத்திருந்த அந்த முதல் வட்டை எடுத்தாள். விரலால் ஓரத்தைத் தடவினாள். அதே இடத்தில் அதே பள்ளம்.

திரும்ப அலமாரியில் வைத்துப் பூட்டிவிடலாம். பூட்டினால் பழி பூதக்கண்ணாடியின் தலையில் விழும்.

அதைத் தேர்வாளர்களின் நாற்காலிக்கு நேராக மேசையில் வைத்தாள். பக்கத்தில் லென்சையும் வைத்தாள்.

கதவு தட்டும் சத்தம் கேட்டது. சொல்ல வேண்டிய முதல் வாக்கியத்தை மனதுக்குள் ஒரு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

‘வாங்கி வந்த அன்றே இதை நான் கீழே போட்டுவிட்டேன், யாரும் பார்க்கவில்லை என்று துடைத்து, மாதிரியாகக் கொடுத்துவிட்டேன்.’