பாத்துக்கிறேன்

“மாப்ள, அவன் யாருன்னு கண்டுபிடிச்சுச் சொல்லு. கேஸ் குடுக்கணும்.”

நார்வேயிலிருந்து வாட்ஸப்பில் கொதித்தான் மெர்வின். கோச்சடையில் செல்போன் கடை வைத்திருக்கும் அசோக்குமார், பள்ளிக்கூட நாளிலிருந்தே அவனுக்குக் கூட்டாளி.

மெர்வின் அங்கே உட்கார்ந்துகொண்டு இங்கே இருக்கிற அரசாங்கத்தை ஃபேஸ்புக்கில் ஒரு நாள் விடாமல் வெளுத்து வாங்குபவன். ஆற்றில் கலக்கும் சாக்கடையா, பாதியில் நிற்கும் பாலமா, எதையும் விடமாட்டான். நாற்பதாயிரம் பேர் படிக்கிறார்கள். அதில் ஒரே ஒரு எதிரி, ‘வைகைக்காளை’. முகம் கிடையாது, வெறும் காளைமாட்டுப் படம். மெர்வின் என்ன எழுதினாலும், ‘அரசாங்கம் நல்லாத்தான் நடக்குது, உனக்கென்ன’ என்று முதல் ஆளாய் வந்து நிற்கும். பதில் எழுதாமல் மெர்வினுக்குச் சோறு இறங்காது. இரண்டு வருஷமாக இந்தக் கூத்து.

“நேத்து வீடியோ போட்டேன்ல, அதுக்கு என்ன எழுதிருக்கான் தெரியுமா? ‘ஊருக்கு வா, பாத்துக்கிறேன்.’ கொலை மிரட்டல்டா. காலையில பிளாக் பண்ணிட்டேன். டிசம்பர்ல வரலாம்னு டிக்கெட் போட்டிருந்தேன், அதையும் கேன்சல் பண்ணப் போறேன்.”

விசாரிக்கிறேன் என்ற அசோக்குமார், அம்மாவிடம் பேசினாயா என்று கேட்டான். பேசணும்டா, நேரமே இல்லை என்று மெர்வின் போனை வைத்துவிட்டான்.

சாயங்காலம் மெர்வினின் அம்மா அற்புதமேரி கடைப்படி ஏறினார். ரிட்டயர்டு டீச்சர். வழக்கமாக வாசலிலேயே அசோக்குமாரைக் கிண்டல் செய்கிறவர், இன்று சிரிக்கக்கூட இல்லை.

“போன் கெட்டுப்போச்சு அசோக்கு. மத்ததெல்லாம் வருது, காலையிலருந்து மெர்வின் பக்கம் மட்டும் வரமாட்டேங்குது.”

அசோக்குமார் வாங்கி அவர் ஃபேஸ்புக்கைத் திறந்தான். திரையில் காளைமாடு நின்றது. அவன் நிமிர்ந்து பார்க்க, டீச்சர் தலையைக் குனிந்துகொண்டார்.

“போன் போட்டா எடுக்கமாட்டேங்குறான்ப்பா. அரசாங்கம் நல்லாருக்குன்னு எழுதுனா, ரெண்டு நிமிசத்துல எனக்கு ரெண்டு பக்கம் எழுதுறான். நேத்து வீடியோவுல எலும்பும் தோலுமா நிக்கிறான், மனசு கேக்கல. ‘ஊருக்கு வா, பாத்துக்கிறேன்’னு போட்டேன். அதுலருந்துதான் புள்ளையக் காணோம்.”