சோடா மூடிகள் பதிந்த தார்

பொழுது சாய்கிறது. போரில் பொருளாதாரத் தடை வந்த பிறகு குடாநாட்டுக்குள் புதுத் தார் ஒரு பீப்பாய்கூட வரவில்லை. பருத்தித்துறை ஆஸ்பத்திரிக்குப் போகும் வீதியின் குழிகளை அடைக்க, சனம் விட்டுப்போன ஊர்களின் வீதிகளில் கிளறியெடுத்த பழந்தாரை உருக்குகிறார்கள். அடியில் எரியும் பனம்பன்னாடையின் புகையும், தாரை இளக்க ஊற்றிய கழிவு ஒயிலின் நெடியும் கண்ணைக் கரிக்கின்றன. இடம்பெயர்ந்து வந்த பராசக்தி தார்க்கட்டிகளைச் சுத்தியலால் உடைத்துப் போடுகிறாள். ஒரு கட்டியைப் புரட்டியதும் அவள் கை அப்படியே நிற்கிறது. அதில் துருவேறிய சோடா மூடிகள் வட்டமாகப் பதிந்திருக்கின்றன. ஊரில் அவர்கள் கடை திறந்த அன்று, வாசல் வீதியில் வெயிலுக்கு இளகிய தாரில், அவள் கணவன் குதிக்காலால் அழுத்திய மூடிகள். “ஏரம்பண்ணை, உது எங்கை கிளறினது?” தார் உருகும் பீப்பாயைக் கிண்டும் ஏரம்பு நிமிரவில்லை. “கட்டுவன் பக்கம், பிள்ளை. ஆமி முகாமுக்குக் கிட்ட. இனி அந்த றோட்டாலை ஆர் போகப்போகினம்?” “நாங்கள்தான்” என்கிறாள், தனக்கே கேட்காத குரலில். ஆஸ்பத்திரி வான் ஒன்று குழியில் விழுந்து எழும்பிக் கடந்து போகிறது. உள்ளே ஒரு பெண் வலியில் கத்துகிறாள். பராசக்தி ஒரு மூடியை நகத்தால் நெம்பிப் பார்க்கிறாள். அது அசையவில்லை. கட்டியை உடைக்காமல், முழுதாகவே பீப்பாய்க்குள் இறக்குகிறாள்.