இரைச்சல் எடுத்த பாட்டு

"பெத்த தாயோட குரல் உனக்குக் கசக்குதா?"

தேயிலைத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை பிலிப்பு, மகள் அஞ்சலினைப் பிடிபிடியென்று பிடித்தார். இறந்துபோன மனைவி செபஸ்தியம்மாவுக்கு நாளைக்கு முதலாம் ஆண்டு நினைவு ஜெபம். அவள் வீட்டில் பாடிய மாதா பாட்டு ஒரே ஒரு கேசட்டில் இருந்தது. அதைக் கூட்டத்தில் போட வேண்டும் என்பது அவர் ஆசை. சின்ன வயதில் அதைப் பதிந்த மகளே இப்போது குறுக்கே நின்றாள்.

"பழைய கேசட் ரேடியோவுல நீங்க மட்டும் கேளுங்கப்பா."

"அதுல பாட்டு பாதி, இரைச்சல் பாதி. அவ குரல தோட்டமே கேக்கணும்."

"அம்மாவுக்கு அது பிடிக்காது."

கல்நெஞ்சுக்காரி. தொழிலாளர் குடியிருக்கும் லயத்துச் சனமும் அதைத்தான் சொன்னது. பிலிப்பு அலுமாரியிலிருந்து கேசட்டை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டார்.

பண்டாரவளையில் சவுண்ட் கடை வைத்திருக்கும் கெவின் அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, இரைச்சலை வழித்தெடுத்தான்.

"சாஃப்ட்வேர்ல அப்சாம்பிளிங் பண்ணி, கம்ப்யூட்டர் பதிவச் சத்தமா மாத்துற இந்த டாக் பெட்டி வழியா ஸ்பீக்கருக்கு விட்டா, பிசிறில்லாம வரும்ங்க ஐயா."

"அவ குரல் இன்னும் இனிமையாகுமா?"

"இல்லாதத இது சேர்க்காதுங்க. உள்ள இருக்கிறதத்தான் தெளிவாக் காட்டும்."

முதலடி கேட்டதுமே பிலிப்புக்குக் கண் நிறைந்துவிட்டது. "நிப்பாட்டு தம்பி. மிச்சத்த நாளைக்கு எல்லாரோடயும் சேந்து கேக்குறேன்."

மறுநாள் வீடு கொள்ளாத கூட்டம். ஃபாதரும் வந்திருந்தார்.

"அவள ராணி மாதிரி வச்சிருந்தேன். ஒரு சொல்லு சொன்னதில்ல" என்றார் பிலிப்பு, துண்டால் கண்ணைத் துடைத்தபடி.

கெவின் பாட்டைப் போட்டான். அடேயப்பா, என்ன தெளிவு! அவள் மூச்சு விடுவதுகூடக் கேட்டது. பெண்கள் அழ ஆரம்பித்தார்கள்.

பழைய ரேடியோவில் இரைச்சல் மட்டும் கேட்கும் இடம் வந்தது.

"நிறுத்துடி நாயே. வேல விட்டு வந்தவனுக்குச் சோறில்ல, உனக்குப் பாட்டு ஒரு கேடா?"

பிலிப்பின் குரல். பின்னாலேயே பளாரென்று ஓர் அறை.

கெவின் பதறிப்போய் நிறுத்தக் கை நீட்டினான்.

"விடுங்க. கேக்கணும்னு அவருதான ஆசப்பட்டாரு" என்றாள் அஞ்சலின்.

ஸ்பீக்கரில் ஒரு சின்னப் பிள்ளை தேம்பியது. அப்புறம் செபஸ்தியம்மாவின் குரல், காதருகே பேசுகிற மாதிரி.

"அழாத அஞ்சலின். டேப்ப நிப்பாட்டு கண்ணு. இத யாருக்கும் போட்டுக் காட்டிறாத. அப்பாவுக்குத்தான் அவமானம்."